பழைய மடிக்கணினி, லினக்ஸ், ஒரு கீபோர்டு: நீலகிரியில் சீக்வென்சிங் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கொயருக்கு ட்ராக் போடுகிறவர்களும், ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்குப் படகர் மொழிப் பாட்டு பதிவு செய்கிறவர்களும் லினக்ஸுக்கு மாறும்போது திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. முடிந்தவரை மெனுக்களிலேயே செய்யக்கூடிய வழியைச் சொல்லியிருக்கிறோம்.

கீபோர்டில் வாசித்தது திரையில் கோடுகோடாக விழுகிறது, ஆனால் சத்தமே இல்லை. மென்பொருள் பழுதா?

பழுதில்லை. வாசிப்பைக் குறித்துவைத்துத் திருத்த உதவும் நிரலான சீக்வென்சர், கீபோர்டின் ஒலியைப் பதிவு செய்வதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்ற குறிப்பை மட்டுமே எழுதி வைக்கிறது. இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி தரத்தின்படி சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள், மொத்தம் 16 சேனல்கள். இந்தக் குறிப்பை ஒலியாக்க ஒரு சின்தசைசர் வேண்டும்.

ஆகவே கணினிக்குள் மூன்று கண்ணிகள் உண்டு: கீபோர்டிலிருந்து சீக்வென்சர், சீக்வென்சரிலிருந்து சின்தசைசர், சின்தசைசரிலிருந்து சவுண்ட் கார்டு. விண்டோஸ் நிரல்கள் இவற்றைப் பெரும்பாலும் உள்ளேயே இணைத்துவிடும். லினக்ஸில் நாமே இணைக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போனதுதான். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதற்கு முன் இந்த மூன்றையும் வரிசையாகச் சோதியுங்கள்.

பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி போதுமா?

சீக்வென்சிங்குக்கு மட்டும் என்றால் போதும். அந்த மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. ஆனால் அந்தப் பழைய பதிப்பிலேயே வேலையைத் தொடங்க வேண்டாம். புதிய டெபியனை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்புடன் போடுங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 2 ஜிபி என்றால் பிரவுசரை மூடிவிட்டு வேலை செய்ய வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது.

மிகப் பழைய 32 பிட் கணினி என்றால் டெபியன் 12-ஐ எடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் பிசிகளுக்கான நிறுவி கிடையாது. 8 ஜிபி ராம் உள்ளவர்களுக்கு, இசை போன்ற வேலைகளுக்கென்றே வரும் லினக்ஸ் வகையான உபுண்டு ஸ்டூடியோ சுலபம், 24.04 பதிப்பில் ஒலி அமைப்பு முன்கூட்டியே சரிசெய்யப்பட்டு வருகிறது.

மலையில் நெட் இழுவையாக இருந்தால், கோவையோ மேட்டுப்பாளையமோ போகும்போது முழு ஐஎஸ்ஓவையும் (நிறுவும் கோப்பு) இறக்கிப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பு முழுமையா என்று காட்டும் செக்சம் எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடாமல் நிறுவாதீர்கள். பாதியில் அறுந்த கோப்பு, நிறுவும்போது நடுவில் நின்று கழுத்தறுக்கும்.

ரோஸ்கார்டன், க்யூடிராக்டர், எல்எம்எம்எஸ், ஆர்டர், ஹைட்ரஜன்... எதில் தொடங்குவது?

ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிந்த கொயர் ஆள் என்றால் ரோஸ்கார்டன். 1993-இல் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிரல். சுரங்களை நொட்டேஷனாகவே பார்த்துத் திருத்தலாம். மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை க்யூடிராக்டர். தோற்றம் பழசு. ஆனால் மிடியையும் குரல் பதிவையும் ஒரே சன்னலில் வைக்கும், பழைய கணினியிலும் ஓடும்.

எல்எம்எம்எஸ் பார்க்க எஃப்எல் ஸ்டூடியோ போலவே இருப்பதால் பலர் அதில் இறங்குகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் அதன் 1.2 பதிப்பில் மைக்கிலிருந்து குரலைப் பதிவு செய்ய முடியாது. பாட்டு வேலைக்கு அது பெரிய குறை. ஹைட்ரஜன் தாளத்துக்கு மட்டும், அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆர்டர் கனமானது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சத்தம் வரும்வரை படிப்படியாகச் சொல்லுங்கள்.

டெபியனில் மென்பொருள் நிறுவும் நிரலான சினாப்டிக் வழியாக ஐந்து பொதிகளை நிறுவுங்கள்: ஜேக்டி2 (நிரல்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் ஜேக்), க்யூஜேக்சிடிஎல் (ஜேக்கை இயக்கும் சன்னல்), க்யூசின்த் (சின்தசைசர்), க்யூடிராக்டர் (சீக்வென்சர்), ஃப்ளூயிட் சவுண்ட்ஃபாண்ட் ஜிஎம் (வாத்திய ஒலிகளின் தொகுப்பு). கடைசிப் பொதி சுமார் 140 எம்பி. நெட் கம்மி என்றால் அதற்குப் பதில் 6 எம்பி அளவுள்ள டிம்ஜிஎம் சவுண்ட்ஃபாண்டைப் போடுங்கள். ஒலி மெலிதாக இருக்கும், கற்றுக்கொள்ளப் போதும். க்யூ என்று தொடங்கும் மூன்று நிரல்களும் போர்ச்சுகல்காரரான ரூய் நூனோ கபேலா எழுதியவை. அதனால் ஒன்றோடொன்று நன்றாகப் பேசும்.

ஜேக்டி2 நிறுவும்போது ரியல்டைம் முன்னுரிமை (ஒலி வேலைக்கு முதலிடம்) வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். ‘யெஸ்’ கொடுங்கள். அதோடு உங்கள் பயனர் பெயர் ‘ஆடியோ’ என்ற குழுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிர்வாகி உரிமையில் சேர்த்துவிட்டு, லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். வெளியே வராவிட்டால் சேர்த்தது செல்லாது. அதிகம் பேர் மறப்பது இதைத்தான்.

இனி க்யூஜேக்சிடிஎல்லைத் திறந்து, செட்டப்பில் டிரைவர் அல்சா (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு), சாம்பிள் ரேட் 48000, ஃப்ரேம்ஸ் 512, பீரியட்ஸ் 2 என்று வைத்து ‘ஸ்டார்ட்’ அழுத்துங்கள். அடுத்து க்யூசின்த். அதன் செட்டப்பில் மிடி டிரைவர் ‘அல்சா சீக்’, ஆடியோ டிரைவர் ‘ஜேக்’. சவுண்ட்ஃபாண்ட் தாவலில் ‘ஓப்பன்’ அழுத்தி, நிறுவிய சவுண்ட்ஃபாண்டின் எஸ்எஃப்2 கோப்பைச் சேருங்கள். மிடி டிரைவரையும் ‘ஜேக்’ என்று வைத்துவிட்டால் க்யூடிராக்டரின் பட்டியலில் க்யூசின்த் தெரியவே தெரியாது, ஏனென்றால் க்யூடிராக்டர் மிடிக்கு அல்சா வழியை மட்டுமே பார்க்கிறது.

கடைசியாக க்யூடிராக்டர். ‘ட்ராக்’ மெனுவில் புதிய ட்ராக் சேர்த்து வகை ‘மிடி’, சேனல் 1 என்று கொடுங்கள். கனெக்‌ஷன்ஸ் சன்னலில் மிடி தாவலுக்குப் போய் இடப்பக்கம் கீபோர்டு, வலப்பக்கம் க்யூடிராக்டர் இரண்டையும் இணையுங்கள். பிறகு இடப்பக்கம் க்யூடிராக்டர், வலப்பக்கம் ஃப்ளூயிட்சின்த் (க்யூசின்த் அங்கே இந்தப் பெயரில் தெரியும்). ட்ராக்கில் ‘ஆர்’ (ரெக்கார்டு) பொத்தானை அழுத்தி ஒரு கட்டையைத் தொட்டால் பியானோ கேட்க வேண்டும்.

‘டிவைஸ் பிஸி’ என்று ஜேக் நின்றுவிடுகிறது. அல்லது ஓடுகிறது, ஸ்பீக்கர் ஊமை.

முதலாவது, டெஸ்க்டாப்பின் அன்றாட ஒலியைக் கவனிக்கும் பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது. யூடியூப் திறந்திருந்தால் மூடுங்கள். ஒலி அமைப்பை மாற்றும் பாவுகண்ட்ரோல் நிரலில் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனில் அந்தக் கார்டை ‘ஆஃப்’ செய்துவிட்டு ஜேக்கைத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் மறுபடி ‘ஆன்’ செய்யாவிட்டால் சினிமாப் பாட்டுகூடக் கேட்காது.

இரண்டாவது பெரும்பாலும் எச்டிஎம்ஐ விவகாரம். பல இன்டெல் மடிக்கணினிகளில் 0 எண் கார்டு எச்டிஎம்ஐ, ஸ்பீக்கர் இருப்பது 1 எண் கார்டில். ஜேக் தன்பாட்டுக்கு 0-க்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். செட்டப்பில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் ‘பிசிஎச்’ என்ற பெயர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

உபுண்டு ஸ்டூடியோவில் இந்த இரண்டு கூத்தும் கிடையாது. அங்கே பைப்வயரே ஜேக்கின் வேலையையும் பார்க்கிறது. க்யூஜேக்சிடிஎல்லில் ஸ்டார்ட் அழுத்தத் தேவையில்லை.

கட்டையை அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறதே?

கணக்கு சுலபம்: ஃப்ரேம்ஸை பீரியட்ஸால் பெருக்கி, சாம்பிள் ரேட்டால் வகுங்கள். 1024 ஃப்ரேம், 2 பீரியட், 48000 என்றால் 42.7 மில்லி விநாடி, விரலுக்கு உறுத்தும். 256 என்றால் 10.7. காற்றில் ஒலி 10 மில்லி விநாடியில் மூன்றரை மீட்டர் போகும். அந்தத் தூரத்தில் ஸ்பீக்கரை வைத்து வாசிப்பதைப் போலத்தான், யாருக்கும் தெரியாது. வாசிக்கும்போது 256, எல்லாம் முடிந்து மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் பீரியட்ஸ் 3 என்று வைத்தால் அடங்கி ஓடும்.

புளூடூத் ஹெட்செட் வேண்டவே வேண்டாம். நீங்கள் ஃப்ரேம்ஸை எவ்வளவு குறைத்தாலும் அதன் தாமதம் தனி. ஒயர் உள்ள ஹெட்ஃபோன் மட்டும்.

நடுநடுவே டிக் டிக் என்று வெட்டுகிறது.

க்யூஜேக்சிடிஎல் சன்னலில் சிவப்பில் ஏறும் எண்ணைப் பாருங்கள்; அது எக்ஸ்ரன், கணினி நேரத்துக்கு ஒலியைக் கொடுக்கத் தவறிய தடவைகள். முதலில் வைஃபையை அணையுங்கள். பல மடிக்கணினிகளில் அதுவே காரணம். பிறகு க்யூசின்தில் ரிவெர்ப், கோரஸ் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். பவர் அமைப்பில் சிபியூவை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வையுங்கள். இதற்கும் மசியாவிட்டால் 512-க்கு ஏறிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் பழைய கீபோர்டு, பின்னால் ஐந்து ஊசி சாக்கெட்தான்.

யுஎஸ்பி மிடி கேபிள் வாங்கினால் போதும், தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. கீபோர்டின் ‘அவுட்’ சாக்கெட் கேபிளின் ‘இன்’ முனைக்குப் போக வேண்டும். விலை குறைந்த கேபிள்களில் சில, முனையில் எந்தச் சாக்கெட்டில் செருக வேண்டும் என்பதை எழுதியிருக்கும். அதனால் ஒன்றும் வராவிட்டால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், எதுவும் எரிந்துவிடாது.

ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால், கீபோர்டின் சொந்த ஒலியும் கணினி ஒலியும் சேர்ந்து வருகின்றன. கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் ‘லோக்கல் கண்ட்ரோல்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் கீபோர்டின் வால்யூமைக் குறைத்தாலே போதும்.

கீபோர்டின் ஸ்டைல் (தானாக ஓடும் பின்னணி) போட்டு வாசித்தால் ஒரே ட்ராக்கில் எல்லாம் குப்பையாக விழுகிறது.

பல யமஹா மாடல்களில் ஸ்டைலின் தாளமும் பேஸும் கார்டும் 9 முதல் 16 வரையுள்ள சேனல்களில் வெளியே போகும். அவை வேண்டுமென்றால் சேனலுக்கு ஒன்றாக எட்டு மிடி ட்ராக் போட்டு, எட்டையும் ‘ஆர்’ செய்து பதிவு செய்யுங்கள். வேண்டாமென்றால் ஸ்டைலை நிறுத்திவிட்டு மெலடியை மட்டும் வாசியுங்கள். பின்னதுதான் நல்லது. ஊரில் நாலு சபையில் ஒரே கீபோர்டு மாடல் இருந்தால், நாலு கேரல் ட்ராக்கும் ஒரே பாட்டாகத்தான் கேட்கும்.

ஆர்மோனியம், ஷெனாய், தபேலா எல்லாம் எங்கே?

ஜெனரல் மிடி பட்டியலில் உள்ளதுதான் கிடைக்கும். ஆர்மோனியத்துக்கு 21 (ரீட் ஆர்கன்) அல்லது 22 (அக்கார்டியன்), சிதார் 105, ஷெனாய் 112, கொயர் குரல் 53, புல்லாங்குழல் 74. சில மென்பொருள்கள் 1-லிருந்து எண்ணும், சில 0-லிருந்து. சிதார் கேட்டு பாஞ்சோ வந்தால் நீங்கள் ஒன்று தள்ளி நிற்கிறீர்கள்.

தாளம் 10-ஆம் சேனலில் மட்டும். அங்கே சுர எண் ஒவ்வொன்றும் ஒரு வாத்தியம்: 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட், 54 டாம்பரின், 60 மற்றும் 61 பாங்கோ. தபேலா கிடையாது. பாங்கோவையும் காங்காவையும் வைத்து ஒப்பேற்றலாம். கேட்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும். நல்ல வழி, தபேலாக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பதிவு செய்து, வேவ் கோப்புகளாக வெட்டி, ஹைட்ரஜனில் ஒரு டிரம்கிட் ஆக்குவது. ஒரு சொல்லுக்கு மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று லேயர் இருந்தால் இயந்திரத்தனம் குறையும்.

ஆட்டப் பாட்டு மும்மூன்றாக நடக்கிறது. மெட்ரோனோம் ஒத்துவரவில்லை.

கால் விழுவது மும்மூன்றாக, ஆவர்த்தனத்துக்கு இரண்டு என்றால் தாளக் குறியை 6/8 ஆக்குங்கள். 4/4-இலேயே விட்டுவிட்டுக் கையால் இழுத்து அடித்தால் பார் கோடு எதுவும் பாட்டோடு சேராது, வெட்டி ஒட்டுவது நரகம்.

டெம்போவில் ஒரு பொறி உண்டு. ஆட்டக்காரர்களின் காலை எண்ணினால் நிமிஷத்துக்கு 80 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் அடிக்குள் மூன்று எட்டாம் சுரங்கள். மென்பொருள் கால் சுரத்தை அடியாக எண்ணினால் 120 என்று கொடுக்க வேண்டும், எட்டாம் சுரத்தை எண்ணினால் 240. எதை எண்ணுகிறது என்று மெட்ரோனோமை ஓடவிட்டுக் காதால் கேட்டுத் தீர்மானியுங்கள். மிஸ்ர சாபுக்கு 7/8, கண்ட சாபுக்கு 5/8, அதே விதி.

சுரங்களைத் தாளக் கோட்டுக்கு இழுக்கும் குவாண்டைஸை நூறு சதவீதம் போடாதீர்கள். 50 முதல் 60 வரை போட்டால் தவறியது திருந்தும், நடையும் மிஞ்சும். வட்டம் சுற்றச் சுற்ற ஆட்டத்தில் வேகம் ஏறும் பாட்டு என்றால், டெம்போ மேப் சன்னலில் சரணத்துக்குச் சரணம் இரண்டு மூன்று எண் ஏற்றுங்கள். ஒரே வேகத்தில் ஓடும் ட்ராக்குக்கு ஆடச் சொன்னால் பெரியவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள்.

கமகம் வருமா?

பிட்ச் பெண்ட் சக்கரத்தால் ஓரளவு வரும். வழக்கமான வீச்சு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். எண்கள் 0 முதல் 16383 வரை, நடு 8192. அதாவது ஓர் அரைச்சுரத்துக்கு 4096 படிகள், நுணுக்கத்துக்குக் குறைவில்லை. சிக்கல் வேறு இடத்தில்: பெண்ட் சேனல் முழுவதையும் வளைக்கும். மெலடியையும் கார்டையும் ஒரே சேனலில் வைத்தால் கார்டும் சேர்ந்து நெளியும். மெலடிக்குத் தனிச் சேனல் கொடுங்கள். வாக்கிய முடிவில் சக்கரம் நடுவுக்குத் திரும்பியதா என்றும் பாருங்கள். பாதி வளைவில் வெட்டி ஒட்டினால் அடுத்த சரணம் முழுவதும் சுருதி விலகி ஓடும்.

பாடகி நாலு கட்டை கேட்கிறார், ட்ராக் ஒரு கட்டையில் இருக்கிறது.

ஒரு கட்டை என்பது சி, மிடி எண் 60. நாலு கட்டை எஃப், 65. ஐந்தரை 68. ஆக எல்லாச் சுரத்தையும் +5 டிரான்ஸ்போஸ் செய்யுங்கள், 10-ஆம் சேனலை மட்டும் விட்டுவிட்டு. அதையும் சேர்த்து ஏற்றினால் 36-இல் இருந்த பேஸ் டிரம் 41-க்குப் போய் ஃப்ளோர் டாம் ஆகிவிடும், தாளமே மாறிவிடும்.

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் கொள் குழல், தபட்க் பறை ஒலிக்கு சவுண்ட்ஃபாண்ட் உண்டா?

ஜெனரல் மிடியில் இல்லை. கொள் இரட்டை நாக்குக் குழல்; அதற்கு ஷெனாய் ஒலியைப் போட்டு மெழுகினால் வேறு எங்கோ உள்ள கல்யாண வீடு மாதிரி இருக்கும். வாசிப்பவரை நேரில் பதிவு செய்து ஆடியோ ட்ராக்கில் வைத்து, அதைச் சுற்றி மிடியைப் பின்னுங்கள். அவரை மெட்ரோனோமுக்கு வாசிக்கச் சொல்லாதீர்கள். முதலில் பதிவு, பிறகு டெம்போ மேப்பை அவர் வேகத்துக்கு இழுப்பது.

தெய்வத்துக்கு, ஆட்டத்துக்கு, சாவுக்கு என்று அங்கே மெட்டுகள் தனித்தனி. எதைப் பாட்டில் வைக்கலாம் என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டே மைக்கை வையுங்கள்.

மழைக்காலத்தில் கீபோர்டில் சில கட்டைகள் மட்டும் ஓங்கி அடிக்கின்றன.

கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் காண்டாக்ட்டில் ஈரமும் தூசும். கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை இரண்டு காண்டாக்ட்டுகளின் இடைவெளி நேரத்தை வைத்தே கீபோர்டு அளக்கிறது. ஒன்று சரியாகத் தொடாவிட்டால் அழுத்தம் 127 என்று பதிவாகும், அல்லது ஒரே சுரம் இரண்டாக விழும். பந்தலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்தே இது தொடங்கிவிடும். குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகையில். திறந்து ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு மூடுங்கள். வாசிக்காத நேரத்தில் உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கணப்பு உள்ள அறைக்குக் கொண்டுவந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே வேர்த்திருக்கும், ஒரு மணி நேரம் விடுங்கள்.

பதிவில் ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வீட்டு எர்த்தில் கோளாறு; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப எக்ஸ்போர்ட் செய்தேன். குரல் மட்டும் இருக்கிறது, வாத்தியம் ஒன்றும் இல்லை!

க்யூசின்த் வெளியே ஓடும் தனி நிரல். க்யூடிராக்டரின் ஆடியோ எக்ஸ்போர்ட் அதைக் கணக்கில் எடுக்காது. புதிய ஆடியோ ட்ராக் ஒன்று சேர்த்து, கனெக்‌ஷன்ஸ் சன்னலின் ஆடியோ தாவலில் க்யூசின்தின் இடது, வலது இரண்டையும் க்யூடிராக்டரின் உள்ளீட்டில் இணைத்து, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு அதில் பதிவு செய்யுங்கள். மைக் இணைப்பை அந்த நேரம் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடுப்படிச் சத்தமும் பாட்டில் ஏறும். பிறகு எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் வரும். எம்பி3 ஆக்க ஆடாசிட்டி.

எஃப்எல் ஸ்டூடியோ, க்யூபேஸ் லினக்ஸில் ஓடுமா?

நேரடியாக ஓடாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக முயன்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட, காசு கொடுத்து வாங்கத் தயார் என்றால் லினக்ஸுக்கென்றே பதிப்பு உள்ள ரீப்பர் அல்லது பிட்விக் எடுக்கலாம்.

கோவை ஸ்டூடியோவில் மிக்ஸ் செய்யப் போகிறோம். எதைக் கொண்டுபோவது?

க்யூடிராக்டர் செஷன் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டால் அங்கே வெறும் சட்டம்தான் திறக்கும். மிடி கிளிப்புகளும் ஆடியோவும் தனித்தனிக் கோப்புகளாகச் செஷன் அடைவில் கிடக்கும். வேறொரு லினக்ஸ் கணினிக்கு என்றால் ‘சேவ் அஸ்’ செய்யும்போது க்யூடிஇசட் என்ற ஆர்க்கைவ் வகையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். ஸ்டூடியோவில் வேறு மென்பொருள் என்றால் ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பாரிலிருந்தே தொடங்கும் 48000, 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். கூடவே மிடி கோப்பு ஒன்று, டெம்போவும் கட்டையும் எழுதிய ஒரு தாள். கோப்புப் பெயர்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும்.